கேரியரில் உட்கார்ந்தவன்

பகலவனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. நாற்பத்தைந்து வயதாகிறது, நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் வேலை, ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, இருந்தும் தெரியாது. இதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை, மறைக்கவும் முடியாது. குடவாசல் கடைத்தெருவில் அவன் மனைவி எழில்மொழி ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு போவாள். பின்னால் இவன் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, நீளமான கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பான். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்பது எழில்மொழியின் கட்சி. பகலவனுக்கு அவர்கள் சிரிப்பதே கண்ணில் படாது. எதிரே வரும் பஸ்ஸையும் ரோட்டுப் பள்ளத்தையும் பார்ப்பதற்கே அவனுக்கு நேரம் சரியாக இருக்கும்.

பயந்த சுபாவம் அப்படி. கேஸை மூடிவிட்டுப் படுத்த பிறகு எழுந்துபோய் இன்னொரு தரம் தொட்டுப் பார்ப்பான். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவிந்து கிடக்கும்போது வானத்தில் துண்டு மேகம் தென்பட்டாலே வயிற்றைப் பிசையும். நெல் அவனுடையதில்லை. ஆனாலும் பிசையும்.

சைக்கிள் விஷயத்தில் அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. சின்னப் பையனாக இருந்தபோது வாய்க்கால் கரையில் அரைப்பெடல் போட்டுப் பழகப் போய், சைக்கிளோடு தண்ணீருக்குள் விழுந்தான். சைக்கிள் மேலே, இவன் அடியில். மருதையன்தான் குதித்து முடியைப் பிடித்து இழுத்துப் போட்டான். இரண்டு பேரும் ஒரே தெரு. இரண்டு பேருடைய அப்பாக்களும் பண்ணை வேலைக்குப் போனவர்கள். மருதையனின் அப்பா முருகையன் வைத்திருந்ததுதான் அந்தத் தெருவிலேயே இருந்த ஒரே சைக்கிள். கரையில் கிடந்து இருமிக்கொண்டிருந்த பகலவனிடம் மருதையன் சொன்னான். "நீ ஓட்ட வேணாம்டா. பின்னாடி உக்காரு. நான் ஓட்டறேன்."

அன்றைக்கு ஏறி உட்கார்ந்தவன் பள்ளிக்கூடம் முடிகிறவரை கேரியரை விட்டு இறங்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து தினமும் குடவாசலுக்குப் போகவும் வரவும் அந்தச் சைக்கிள்தான். அதிலும் ஒரு கூத்து உண்டு. மருதையன் குள்ளம். சீட்டில் உட்கார்ந்தால் பெடல் கீழே போகும்போது அவனுக்குக் கால் எட்டாது. அந்த இடத்தில் பின்னாலிருந்து பகலவனின் நீளக்கால் வந்து மிதித்துவிடும். மேலே வரும்போது அவன், கீழே போகும்போது இவன். வலது பக்கம் பெடல் கட்டை எப்போதோ உடைந்து, வெறும் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியை மிதித்து மிதித்து இரண்டு பேருக்கும் வலது உள்ளங்காலில் காய்ப்பு ஏறியிருந்தது. பகலவனுக்கு இன்னமும் லேசாக இருக்கிறது.

மருதையனுக்கு இல்லை. காய்ப்பு இருந்த இடமே இப்போது இல்லை.

படித்து முடித்து அறுவடை மெஷின் டிரைவராகப் போன மருதையன், ஓட்டிச் சேர்த்துத் தன் அப்பா கூலிக்கு இறங்கிய வயலிலேயே இரண்டு ஏக்கர் வாங்கினான். போன மாசியில், தாளடிப் பயிர் அறுவடையில் மெஷின் சேற்றில் மாட்டிக்கொள்ள, இறங்கித் தள்ளினான். காலில் ஏதோ குத்தியது. சர்க்கரை உள்ள உடம்பு, குத்தியதே தெரியவில்லை. தெரிந்தபோது விரல்கள் கறுத்துவிட்டன. தஞ்சாவூரில் வலது காலின் விரல்களோடு முன்பாதத்தையும் எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது, இதற்கென்றே செருப்பு உண்டு, நடக்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். செருப்பு அட்டைப்பெட்டியோடு பீரோ மேல் ஏறியது. மருதையன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தான்.

ஆடி பிறந்த வாரத்தில் மருதையனின் மனைவி பூவிழி பகலவனுக்குப் போன் செய்தாள். குரலை ரொம்பவும் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணே, அவருகிட்ட கேட்டுடாதீங்க. மோட்டார் கொட்டாயில இருந்த பூச்சி மருந்து டப்பாவ எடுத்துட்டுப்போய் கோவிந்தராசு சித்தப்பா வீட்டுல வச்சிட்டேன்."

"ஏம்மா?"

"நேத்து சோறு போடறப்ப, நான் இருந்து என்ன ஆவப்போவுதுன்னாரு. சும்மாதான் சொல்லியிருப்பாரு. இருந்தாலும் அது எதுக்கு வீட்டுலன்னு..."

பகலவன் போனை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றான். சிலிண்டரைத் தொட்டுப் பார்க்கலாம், பூட்டை இழுத்துப் பார்க்கலாம். இதை எங்கே தொட்டுப் பார்ப்பது? எழில்மொழி ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர், இந்த மாதிரிப் பேச்சை நிறையக் கேட்டவள். கேட்டதுமே சொல்லிவிட்டாள். "சும்மா சொன்னாருன்னு விடாதீங்க. தனியா விடக்கூடாது. தெனமும் போங்க, ஏதாவது பேசிக்கிட்டே இருங்க. டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போவணும்." டாக்டரிடம் போக ஆட்டோவும் கொண்டுபோனார்கள். மருதையன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆட்டோக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதன் பிறகு பகலவன் குடவாசலிலிருந்து தினமும் மினி பஸ் ஏறி ஊருக்குப் போனான். குறுவை அறுவடைக்கு இன்னும் நாளிருந்தது, கொள்முதல் நிலையத்தில் வேலை இல்லை. போய் உட்கார்ந்து பேசுவான். மேட்டூரில் எவ்வளவு தண்ணீர், யார் மகளுக்குக் கல்யாணம், எந்த மெஷின் யாரிடம் போய்விட்டது என்று வாய் ஓயாமல் பேசுவான். மருதையனின் முதுகு கேட்டுக்கொண்டிருக்கும். முதுகிடம் பேசுவது பகலவனுக்குப் பழக்கம்தான். சைக்கிளில் போகையில் அந்த முதுகு பதில் பேசும், இது பேசவில்லை. கிளம்பும்போது பூவிழி வாசல்வரை வந்து இவன் முகத்தைப் பார்ப்பாள். இவன் அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டுவான். பஸ்ஸில் வரும்போது மனம் வேண்டாததையெல்லாம் நினைக்கும். கோவிந்தராசு வீடு எங்கே இருக்கிறது? வயலைத் தாண்டி. நடந்து போகிற தூரம்தானே. டப்பாவை அங்கே வைத்ததற்குப் பதிலாக வாய்க்காலில் கொட்டியிருக்கலாமே. கொட்டினால் மாடு குடிக்குமே. இப்படியே ஓடி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போன நாட்களும் உண்டு.

ஒரு நாள் பேச ஒன்றுமில்லாமல் பகலவனும் சும்மா இருந்தபோது, சுவரைப் பார்த்தபடியே மருதையன் சொன்னான்.

"நேத்து கனவுல சைக்கிள் வந்துச்சுடா. எங்கப்பா சைக்கிளு."

இத்தனை நாளில் அவனாக வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை. "என்ன பண்ணுச்சு?" என்றான் பகலவன்.

"ஒண்ணும் பண்ணல. வாசல்ல நின்னுச்சு."

அவ்வளவுதான். அந்தச் சைக்கிள் கஜா புயலில் கொட்டகை சாய்ந்து நசுங்கி, பழைய இரும்போடு போய்விட்டது. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது பகலவன் முடிவு பண்ணினான். அது மறுபடி வாசலில் வந்து நிற்க வேண்டும். ஏன், எதற்கு, நின்றால் என்ன ஆகும் என்றெல்லாம் யோசிக்கவில்லை. அவனுக்கு வேறு எந்தக் கதவும் தெரியவில்லை, அதுதான் உண்மை.

குடவாசல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெய்னுலாபுதீன் பாய் கடை. பேட்டரி ஸ்கூட்டருக்கும் சைக்கிளுக்கும் வேலை பார்ப்பார். பின்பக்கம் உத்தரத்தில் பழைய உயரச் சைக்கிள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்ததை இறக்கச் சொல்லி, பகலவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனான். கேரியரில் நடுக்கம்பி ஒன்று விட்டுப்போயிருக்க வேண்டும், தொடையைக் கிள்ளும், அதனால் யூரியா சாக்கை நாலாக மடித்துக் கயிற்றால் கட்டியிருக்க வேண்டும். சீட்டின் பின்விளிம்பு கிழிந்து நார் எட்டிப் பார்க்க வேண்டும். இடது ஸ்பிரிங் மட்டும் கத்த வேண்டும். பின் மட்கார்டில் சிவப்புப் பெயிண்டில் முருகையன் என்று எழுதி, இடம் போதாமல் கடைசி எழுத்து மட்டும் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

"ஸ்பிரிங் கத்துறது வரைக்கும் சொல்றீங்க. முன்னாடி எப்படி சார்? ஹேண்டிலு, லைட்டு?" என்று பாய் கேட்டார்.

"அதெல்லாம் எல்லாச் சைக்கிளுக்கும் இருக்கற மாதிரிதான் பாய். பின்னாடி மட்டும் சரியா வந்துடணும். அப்பறம், வலது பக்கம் பெடல் கட்டையக் கழட்டிடுங்க. கம்பி மட்டும் இருக்கணும்."

"கட்டை போயிடுச்சு, மாட்டிக் குடுங்கன்னுதான் ஆளுங்க வருவாங்க. இருக்கறதக் கழட்டச் சொல்லி நீங்கதான் வந்திருக்கீங்க," என்றார் பாய். கழற்றியும் விட்டார்.

சாயங்காலம் எல்லாம் முடிந்து சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியபோது பகலவனுக்குக் கண் கலங்கியது. பின்னாலிருந்து பார்த்தால் அதே சைக்கிள். அப்படியே சுற்றி வலது பக்கம் வந்தான். வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கம். மருதையனுக்குப் பாதம் போனதும் வலது பக்கம். கால் போனவனிடம் கட்டை போன சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன நினைப்பான்? கிண்டல் என்று நினைப்பானா? இதைவிடக் கொடுமை உண்டா?

"பாய், கட்டைய மாட்டிடுங்க."

"காலையிலதானே சார் கழட்டச் சொன்னீங்க?"

"மாட்டிடுங்க பாய். ரப்பர் கட்டையா மாட்டுங்க. புதுசா."

பாய் இவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

மறுநாள் மதியம் கழித்து, அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊருக்கு நடந்தான். ஓட்டத் தெரியாதவன் வேறென்ன செய்வான்? வழியில் பார்த்தவர்களெல்லாம் "என்ன சார், பஞ்சரா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றே சொல்லிக்கொண்டு போனான். கரை நெடுக வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதன் பக்கம் சைக்கிளை விடாமல், தான் அந்தப் பக்கம் நடப்பதா, சைக்கிளை அந்தப் பக்கம் விட்டுத் தான் இந்தப் பக்கம் நடப்பதா என்று மாறி மாறிப் பார்த்தான். இரண்டிலும் பயமாகத்தான் இருந்தது. தண்ணீரைவிட அந்த வாசலை நினைத்துத்தான் பயம் அதிகம். இதைப் பார்த்தும் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டால், அப்புறம் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

வாசலில் பூவிழி மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். சைக்கிளைப் பார்த்ததும் கையில் இருந்த புல்லோடு நின்றுவிட்டாள். கதவு திறந்திருந்தது. பகலவன் கட்டிலுக்கு நேராகத் தெரியும்படி சைக்கிளை நிறுத்தினான். எப்படி நிறுத்துவது என்று கொஞ்ச நேரம் தடுமாறி, கடைசியில் முன்பக்கம் வீட்டைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு உள்ளே போனான்.

"டேய் மருதை, வாசல்ல யாரு நிக்கிறாங்க பாரு."

மருதையன் திரும்பினான். பார்த்தான். பகலவன் படபடவென்று பேச ஆரம்பித்தான். பாய் கடை, உத்தரம், யூரியா சாக்கு, உங்கப்பா பெயர். மருதையன் எதையும் காதில் வாங்கவில்லை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசலையே பார்த்தான்.

"யாரு சைக்கிள் இது?"

"உங்கப்பா சைக்கிள்டா. அப்படியே..."

"எங்கப்பா சைக்கிளா? எங்கப்பா சைக்கிளுக்கு முன்னாடி மட்கார்டு ஏதுடா?"

பகலவன் திரும்பி வாசலைப் பார்த்தான்.

"லைட்ட எவன் வச்சான் அதுல? பெல்லு எங்கேர்ந்து வந்துச்சு? ஹேண்டிலப் பாரு, கல்யாண மாப்ள மாதிரி நேரா நிக்கிது. என்னத்தடா செஞ்சு எடுத்தாந்திருக்க?"

குரல் ஏறியது. கெட்டது குடி என்று நினைத்தான் பகலவன். ஆறுதல் சொல்ல வந்தவன் ஆளைக் கோபப்படுத்திவிட்டான். பூவிழி ஓடிவந்து வாசற்படியில் நின்றாள். மருதையனுக்கு இரண்டு பேரையும் பற்றிக் கவலையில்லை. தலைமாட்டுக் கம்பியைப் பிடித்தான், சுவரைப் பிடித்தான், எழுந்து குதிகாலை ஊன்றி ஊன்றி வாசலுக்கு நடந்தான். அவன் தானாக எழுந்து வாசலுக்கு வந்து எத்தனையோ மாதமாகிறது. அது அவனுக்கே அப்போது நினைப்பில்லை.

"வெறுங்காலோட எங்க போறீங்க?" என்று பூவிழி பீரோ மேலிருந்த பெட்டியை இழுத்துப் பிரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். பிளாஸ்டிக் நாற்காலியில் அவனை உட்கார வைத்து, திட்டிக்கொண்டே செருப்பை மாட்டினாள். அவன் காலை அவளிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னாடி பாத்தியா, சாக்கெல்லாம்..." என்றான் பகலவன் மெதுவாக.

"பின்னாடி எனக்கு என்னடா தெரியும்? நான் என்னைக்குப் பின்னாடி பாத்தேன்?"

அப்போதுதான் பகலவனுக்கு உறைத்தது. அந்தச் சைக்கிளின் முன்பக்கம் என்பது அவனுக்கு மருதையனின் பிடரிதான். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்தவனில்லை. பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தவன்.

"ஹேண்டிலு கோணியிருக்கும்டா," என்றான் மருதையன். கோபம் போய்க் குரலில் ஒரு நிதானம் வந்திருந்தது. "மதகுல ஒரு தடவ மோதுனதுலேர்ந்து அப்படி. நேரா போவணும்னா கோணலாப் புடிக்கணும். ஸ்பேனர் எடு."

பகலவன் எடுத்துக் கொடுத்தான். மருதையன் ஹேண்டிலின் கழுத்து நட்டைத் தளர்த்தி, முன்சக்கரத்தைப் பகலவனின் காலிடுக்கில் பிடிக்கச் சொல்லி, ஹேண்டிலை ஒரு வெட்டு வெட்டித் திருப்பி இறுக்கினான். முன் மட்கார்டு கழன்றது. லைட்டும் பெல்லும் கழன்று பூவிழி மடிக்குப் போயின. பிரேக் பிடியில் கை வைத்தவன் நிறுத்தினான்.

"பிரேக்கு வேற. அதுக்குப் பிரேக்கே கெடையாதேடா."

"இருந்துச்சே. பின்சக்கரத்துல கட்டை இருந்துச்சு, நான் பாத்திருக்கேன்."

"கட்டை இருந்துச்சு. அதுக்கு வர்ற கம்பிதான் இல்ல."

"அப்ப பாலத்துச் சரிவுல எப்படிடா நிறுத்துவ?"

"முன் டயர் மேல வலது கால வச்சு அழுத்துவேன். அதுக்குத்தான் மட்கார்டு இல்ல."

பகலவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அத்தனை வருஷமும் அந்தப் பாலத்துச் சரிவில் அவன் உயிர் மருதையனின் உள்ளங்காலில் இருந்திருக்கிறது. முப்பது வருஷம் கழித்து இப்போது பயம் வந்தது. "ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டான்.

"சொல்லியிருந்தா ஏறியிருப்பியா?"

பூவிழி சிரித்துவிட்டாள். மருதையன் சிரிக்கவில்லை. பிரேக் பிடியைத் தடவிப் பார்த்தான். பிறகு, "இது இருந்துட்டுப் போவட்டும். அழுத்தறதுக்கு இப்ப கால் இல்லல்ல," என்றான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவன் அந்த வார்த்தையைச் சொன்னதே கிடையாது. மற்றவர்களும் சொல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். பூவிழியின் சிரிப்பு அப்படியே நின்று கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் மடியிலிருந்த லைட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மருதையன் குனிந்து பெடலைப் பார்த்தான். புது ரப்பர் கட்டை பளபளத்தது. தலையைத் தூக்கிப் பகலவனைப் பார்த்தான். பகலவன் வேறெங்கோ பார்த்தான்.

"யாரப் பாத்துப் பாவப்பட்ட?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கட்டையைக் கழற்றிக் கீழே போட்டான். கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. "இப்பதான் சைக்கிளு. ஏறு."

"எங்க?"

"ஏறுன்னா ஏறணும்."

பகலவன் பூவிழியைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தான், அப்படிச் சொன்னால் நல்லது என்றும் நினைத்தான். அவள் தலையை ஆட்டிப் போகச் சொன்னாள். வாசலுக்கு எதிரே மதகுச் சுவர். அதன் மேல் கையூன்றி மருதையன் சீட்டில் ஏறினான், பகலவன் கேரியரில் உட்கார்ந்தான். இடது பெடல் மருதையனின் நல்ல காலுக்கு. வலது பக்கக் கம்பிக்குப் பகலவனின் கால் தானாகப் போய்ச் சேர்ந்தது. மருதையன் தன் வலது காலைப் பாரின் மேல் தூக்கி வைத்துக்கொண்டான். சுவரை உந்தினார்கள். சைக்கிள் ஒரு முறை வாய்க்கால் பக்கம் சாய்ந்தது, பகலவன் "ஐயோ" என்றான், அதற்குள் கோணல் ஹேண்டில் திரும்பி, வண்டி கரையோடு நேராக ஓட ஆரம்பித்தது. இடது ஸ்பிரிங் கத்தியது. பகலவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மிதி," என்றான் மருதையன். "தூங்கிடாத."

கொஞ்ச தூரம் போனதும் பயம் தணிந்து கண்ணைத் திறந்தான். முன்னால் அதே பிடரி. நரைத்திருந்தது, சதை வற்றியிருந்தது. வலப்பக்கம் தண்ணீர், இடப்பக்கம் குறுவைப் பயிர். சாயங்கால வெயில். அப்போது மருதையன் சொன்னான்.

"கோவிந்தராசு சித்தப்பா வீட்டுக்குப் போவோம்."

பகலவனின் கால் கம்பியிலேயே நின்றது. "அங்க எதுக்கு?"

"பூவிழி ஒரு டப்பாவ அங்க கொண்டுபோய் வச்சிருக்கா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டிருக்கா. எடுத்தாரணும்."

இதற்குத்தான் எழுந்தானா? இதற்குத்தான் ஏறு என்றானா? அதற்கு வண்டியைச் செய்து கொண்டுவந்து கொடுத்ததும் நான், மிதித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நானா? முகத்தைப் பார்த்தாலாவது தெரியும். பின்னாலிருந்து பிடரிதான் தெரிந்தது. பிடரியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எதுக்குடா டப்பா?" என்று கேட்டான்.

"பயிருல சுருட்டுப்புழு விழுந்திருக்கு. அடிக்க வேணாமா?"

"கட்டில்ல படுத்துக்கிட்டே எப்படிடா தெரிஞ்சுது உனக்கு?"

"இப்ப வாசல்ல உக்காந்தப்ப பாத்தேன். மாட்டுக்கு அறுத்த புல்லோட ரெண்டு நெல்லுத் தாள் வந்திருந்துச்சு. வெளுத்துச் சுருண்டு கெடந்துச்சு. பூவிழி கவனிக்கல. மிதிடா, நிக்கிது பாரு."

பகலவன் மிதிக்கவில்லை. தன் நீளக் கால்கள் இரண்டையும் தரையில் ஊன்றினான். சைக்கிள் நின்றது. அந்தச் சைக்கிளில் அவன் தானாக நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"மொதல்ல வயலப் பாப்போம்," என்றான்.

மருதையன் திரும்பிப் பார்த்தான். "சரி, பாரு," என்றான்.

வயல் கரையை ஒட்டியேதான் இருந்தது. மருதையன் ஒரு காலில் சைக்கிளைத் தாங்கிக்கொண்டு கரையில் நிற்க, பகலவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினான். பயிர் முழங்கால் உயரம் வந்திருந்தது. அங்கங்கே இலைகள் நீளவாக்கில் மடிந்து ஒட்டிக்கிடந்தன. ஒன்றைப் பிரித்தான். ஒன்றுமில்லை. வெறும் வெள்ளைக் கோடு, கொஞ்சம் எச்சம். இன்னொன்றைப் பிரித்தான். அதிலும் இல்லை. பழைய சேதமாக இருக்குமோ? புழு எப்போதோ போயிருந்தால் இப்போது மருந்து எதற்கு? சேற்றில் இறங்கி உள்ளே போனான். இறுக்கமாக மடிந்த இலை ஒன்றைப் பிடித்து, கிழித்துவிடாமல் நகத்தால் மெல்லப் பிரித்தான்.

உள்ளே இருந்தது. இளம்பச்சையாய், மெலிசாய், வெளிச்சம் பட்டதும் உடம்பை நெளித்துக்கொண்டு. அதைப் பார்த்து அந்த அளவுக்குச் சந்தோஷப்பட்ட மனிதன் காவிரிப் பாசனத்திலேயே வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். பகலவன் வயலுக்கு நடுவில் நின்று அழுதுவிட்டான்.

"என்னடா, புழுவப் பாத்து அழுவுற?" என்று கரையிலிருந்து கேட்டான் மருதையன்.

"இருக்குடா."

"இருக்குன்னுதானே சொன்னேன்."

பகலவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு கரையேறி வந்தான். மருதையன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பூவிழி பயந்தது சும்மா இல்லடா. போன மாசம் நீ எதுக்குன்னு கேட்டிருந்தா வேற பதிலு."

"இப்ப?"

"இப்ப புழுவுக்குத்தான்."

"டப்பா என் மடியிலதான் வரும்," என்றான் பகலவன். "அடிக்கறப்ப நான் வரப்புல நிப்பேன். மிச்சம் எங்கிட்ட இருக்கும். வெள்ளிக்கிழம டாக்டர்கிட்ட போறோம், எழிலு வண்டி ஏற்பாடு பண்ணுவா."

"எல்லாத்துக்கும் பயம் உனக்கு."

"ஆமா. பயந்தான்."

மருதையன் தலையை ஆட்டிக்கொண்டு சீட்டில் சரியாக உட்கார்ந்தான். "சரி. டப்பாவ நீயே வச்சுக்க. ஏறு."

பகலவன் புழு இருந்த இலையைப் பழையபடி மடித்து, நசுங்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேரியரில் ஏறினான். வீட்டுக்குப் போனதும் அதைப் பூவிழியிடம் காட்ட வேண்டும்.